நாற்பது நிமிடத் தட்டு

கடிதத்தை இயக்குநரே கையோடு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். தட்டறைக்கு அவர் வருவது வருடத்தில் ஒரு தடவை நடந்தால் பெரிது. அளவுக்காரி அப்போதுதான் நுண்ணோக்கியின் உறையைக் கழற்றிவிட்டு, துடைக்கும் துணியை ஜன்னல் பக்கம் உதறிக்கொண்டிருந்தாள்.

"பூதக்கண்ணாடி அம்மா, உங்க கல்லுக்கு நம்பர் குடுத்துட்டாங்க," என்றார் மூச்சு வாங்க.

பூதக்கண்ணாடி என்பது அவளுடைய பட்டப்பெயர். இருபத்தேழு வருடமாக அந்த வான்காட்சிக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளை அளப்பதுதான் அவள் வேலை. ஒரு காலத்தில் வானத்தைப் படம் பிடித்தது அந்தத் தட்டுகளில்தான். வெளிறிய கண்ணாடியில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று தலைமுடி அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வரைக்கும் அளந்து எழுதுவாள். அலுவலகச் சுற்றறிக்கையில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். பட்டப்பெயரை முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். போகப்போக அவளே அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இயக்குநர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிவரும் ஒரு சிறுகோள். குறுக்களவு நான்கு கிலோமீட்டர். அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள், கரியும் இல்லை இரும்பும் இல்லை, கல் வகை என்று சொல்லிவிட்டார்கள். பாதை உறுதியாகிவிட்டதால் நிரந்தர எண் வழங்கப்பட்டிருக்கிறது. பெயர் சூட்டும் உரிமை கண்டுபிடித்தவருக்கு.

"கண்டுபிடிச்சவர்னு நம்ம பழைய ஆய்வாளர் பேரைத்தான் போட்டிருக்காங்க. தட்டு அவர் எடுத்தது இல்லையா," என்றார் இயக்குநர் கொஞ்சம் தயங்கி. "உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? அவர் கண்ணு முழிச்சாரு. நான் கண்ணைச் சுருக்கினேன். அவ்வளவுதானே," என்றாள் அவள்.

ஆனால் இயக்குநர் கீழே இறங்கிப் போன பிறகு, விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தட்டு எந்த இரவில் எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை அது. குவிமாடத்தில் ஏணிக்காரர் என்று ஒருவர் இருந்தார். கூரையைத் திருப்புவது, உயரமான ஏணியை நகர்த்துவது, தட்டுப் பெட்டிகளை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த இரவு கூரைத் திறப்பில் கயிறு சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க இருட்டில் ஏணியேறியவர் மேலே இருந்து தவறி விழுந்தார். காலையில் அவர் உயிரோடு இல்லை.

விசாரணை நடந்தது. அன்று தொலைநோக்கியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளர் தன் கையெழுத்தில் குறிப்பேட்டில் எழுதியிருந்தது: இரண்டு பத்துக்கு ஆரம்பம், நாற்பது நிமிடம். தட்டிலும் நாற்பது நிமிட வெளிச்சம் முழுதாக விழுந்திருந்தது. வாசல் காவலரின் பதிவேட்டில், அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் போன் செய்த நேரம் இரண்டு ஐம்பத்து மூன்று. குவிமாடத்துப் போன் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அலுவலகத்துக்கு மூன்று நிமிட நடை. யார் கூட்டினாலும் கணக்கு ஒன்றாகவே வந்தது. ஆள் கீழே விழுந்து கிடக்க, மேலே இருந்தவர் தட்டை முழுசாக எடுத்து முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். விசாரணையில் அதைக் குற்றம் என்று எழுதவில்லை. விழுந்த சத்தம் கேட்டிருக்காது என்று முடித்துவிட்டார்கள். ஊர் அப்படி முடிக்கவில்லை. அடக்கம் நடந்த இடத்தில் ஏணிக்காரரின் மனைவி எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்திக் கேட்டார்: "முழுசா முடிச்சிட்டுத்தான் எறங்குனீங்களா?"

ஆய்வாளர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே எல்லோரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் அவர் இரவுப் பணிக்கு வரவில்லை. ஓய்வு பெறும் வரை கணக்குப் பிரிவிலேயே காலத்தை ஓட்டினார். அந்த வாரத்துத் தட்டுகள் மூன்றும் ஒரே பெட்டியில் போய் முடங்கின. ஆறு வருடத்துக்கு முன்பு பழைய தட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றும்போது, பாழ் என்று எழுதியவற்றை விட்டுவிடச் சொல்லி உத்தரவு. அளவுக்காரிக்கு எதையும் விட்டுப் பழக்கமில்லை. மூன்று தட்டிலும் ஒரு சின்னக் கோடு இரவுக்கு இரவு நகர்ந்திருந்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. அவள் அனுப்பிய அளவுகளோடு, வேறு எங்கெங்கோ யார் யாரோ பிறகு பார்த்த அளவுகளும் ஒட்டிக்கொண்டன. இப்போது எண் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் ஆய்வாளரின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு அவரே வந்து கதவைத் திறந்தார். தனி ஆள். சமையலறை மேஜையில் ஒரே ஒரு தம்ளர், ஒரே ஒரு நாற்காலி. இன்னொன்றை உள்ளறையிலிருந்து இழுத்து வந்து போட்டார்.

"பேரெல்லாம் வேணாம்மா. நம்பர் இருக்குல்ல, அது போதும்," என்றார் கடிதத்தை மடித்து.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஏணிக்காரர் பேரை வைக்கலாம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆளையும் சாகடிச்சிட்டு அவன் பேரையும் எடுத்துக்கிட்டான்னு அந்தம்மா சொல்லணுமா? அதுக்கா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?"

அவரே தொடர்ந்தார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"கயிறு சிக்கியிருக்கு பாருங்கன்னு சொன்னதே நான்தான். அப்புறம் கண்ணை வில்லையில வச்சிட்டேன். கீழே ஒரு சத்தம். பெட்டி விழுந்துடுச்சுன்னு நெனச்சேனா, என்னன்னு நெனச்சேனோ... அதுக்கப்புறம் அவர் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிருந்தது ஞாபகம் இருக்கு. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் போன். நடுவுல என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. எல்லாரும் கூட்டிப் பாத்துச் சொன்னாங்க. நானும் கூட்டிப் பாத்தேன். சரியாத்தான் வருது. அப்போ உக்காந்து முடிச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?"

அளவுக்காரிக்கு அன்று வீடு போய்ச் சேர்ந்தும் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறந்தாள். மூன்றாவது தட்டின் ஓரத்தில் மங்கிய மையில், பாழ் என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான். விபத்துக்கு மறுநாள் அந்தத் தட்டைக் கழுவி எடுத்தது அவள்தான். நட்சத்திரங்களுக்கெல்லாம் வால் முளைத்திருப்பதைப் பார்த்து, இது எதற்கும் உதவாது என்று இரண்டே எழுத்து எழுதி உள்ளே போட்டுவிட்டாள். ஏன் வால் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது யோசித்தாள். தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்து நகர்த்த ஒரு கடிகாரப் பொறி உண்டு. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் போகும். ஆள் ஒருவர் வில்லையில் கண் வைத்து, நொடிக்கு நொடி கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தினால் நட்சத்திரம் புள்ளி. விட்டுவிட்டால் வால். நாற்பது நிமிடம் ஆனதும் மூடி தானாக விழுந்துவிடும். அதற்கு ஆள் தேவையில்லை.

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். சிறுகோளின் கோடு நேராகப் போய், ஓர் இடத்தில் முழங்கை மாதிரி வளைந்து, வேறு பக்கமாக நீண்டிருந்தது. அந்த வளைவு ஆறு வருடமாக அவளைத் தொந்தரவு செய்த வளைவு. கெட்டுப்போன தட்டுதானே என்று கோட்டின் தொடக்கத்தை மட்டும் அளந்து அனுப்பியிருந்தாள். முதல் துண்டு ஆள் இருந்து திருத்திய நேரம். இரண்டாவது துண்டு ஆள் இல்லாத நேரம். அந்தக் கல் அன்றைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு நகர்ந்தது என்று எண் வந்த கடிதத்தோடு இருந்த கணக்கிலேயே தெரிந்தது.

முதல் துண்டை இருபது தடவை அளந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னும் இருபது தடவை அளந்தாள். பன்னிரண்டு நிமிடம். ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு இருபத்திரண்டுக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போனுக்காகக் குவிமாடத்தை விட்டு வெளியேறியது இரண்டு ஐம்பதுக்கு. ஒரு நிமிடம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது இருபத்தெட்டு நிமிடம். அத்தனை நேரமும் ஏணிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பதினாறு வருடமாக இந்தத் தட்டு அவள் மேஜைக்கு எட்டடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. பேனாவை எடுத்துப் பாழ் என்ற சொல்லைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தேதியை மட்டும் போட்டாள்.

ஆய்வாளரை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தாள். அவர் தட்டறையின் மாடிப்படிகளை ஒவ்வொன்றாக, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஏறினார். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல, சக்கரத்தைத் திருகிக் கோட்டின் மேல் போய்ப்போய் வந்தார். கடைசியில் நிமிர்ந்தபோது முகத்தில் அவள் எதிர்பார்த்த நிம்மதி இல்லை.

"அப்போ ஆள் உசிரோட கெடந்திருக்காரு. நான் அத்தனை நேரமும் போன் பண்ணப் போகாம உக்காந்திருக்கேன்," என்றார். "ஒரு தப்பை எடுத்துட்டு இன்னொண்ணைக் கையில குடுத்துட்டியேம்மா."

இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. மனசில் பெரிய உபகாரம் செய்வதாகத்தான் அவரை அழைத்துவந்திருந்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்தம்மா எங்க வேலை பாக்குறாங்க இப்போ?"

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. நான் போய்ச் சொல்லிட்டு வரேன் சார்."

"இல்ல. நானும் வரேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தாழ்ந்த கூரையோடு இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பெரிய உருளை இயந்திரம் ஈரப் போர்வையை விழுங்கிச் சூடாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நின்று வாங்கிக்கொண்டிருந்தவர் ஏணிக்காரரின் மனைவி. தலை முழுக்க நரைத்திருந்தது.

"பூதக்கண்ணாடியா? மூஞ்சி மாறவே இல்லையே," என்று சிரிக்கப் போனவர், பின்னால் வாசலில் நின்ற ஆளைப் பார்த்துவிட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. "அவரு எதுக்கு?"

"நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க அக்கா."

"திட்டுற தெம்பெல்லாம் எப்பவோ போயிடுச்சு. இந்த முனையைப் பிடி. சும்மா நின்னு பேசினா சூப்பர்வைசர் வந்து கத்துவாரு."

போர்வையின் இரண்டு முனைகளை அளவுக்காரி பிடித்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள். கோடு, வளைவு, பன்னிரண்டு நிமிடம், பாழ் என்று தானே எழுதியது, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் போர்வை மடித்தாகிவிட்டது. ஒன்பதாவதை ஏணிக்காரரின் மனைவி மடிக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி வாசலைப் பார்த்தார்.

"அப்போ அவர் தனியாக் கெடக்கல."

"இல்லம்மா," என்றார் ஆய்வாளர், ஆவிக்குள் ஓர் அடி எடுத்து வைத்து. "நான் பக்கத்துல இருந்தேன்."

"உடனே போன் பண்ணியிருந்தா?"

"தெரியல. பண்ணியிருக்கணும். போகணும்னா அவரை இருட்டுல தனியா விட்டுட்டுப் போகணும். அவர் போகாதீங்கன்னு சொல்லல. நான்தான் போகல. அதுக்கு நான் எந்தச் சாக்கும் சொல்ல வரல."

உருளையிலிருந்து வந்த போர்வை கூடையில் விழாமல் தரையில் சரிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பேசினாரா?"

"முதல்ல கொஞ்சம் பேசினாரு. தட்டு வீணாப் போயிடும், நீங்க மேல போங்க சார்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு."

"சொல்லுவாரு. அங்க கெடந்தும் ஆபீஸ் கவலை," என்றார் அந்த அம்மாள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்து, பாதியில் உடைந்தது.

"அப்புறம், காலையில சொல்லிடுங்கன்னாரு. என்ன சொல்லணும், யாருக்குச் சொல்லணும்னு சொல்லல. அதோட சரி. மேல போங்கன்னதும் போயிட்டேன்னுதான் நானே இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னு நெனப்பீங்கன்னு..."

"எனக்குத்தான் சொல்லச் சொல்லியிருப்பாரு. காலையில வரும்போது பால் வாங்கிட்டு வரது அவர்தான். வாங்க முடியாதுன்னு சொல்லச் சொல்லியிருப்பாரு." அவர் துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்து, கையிலிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அளவுக்காரி இயந்திரத்தின் பொத்தானைத் தேடி அணைத்தாள். திடீரென்று வந்த அமைதியில், எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் குரல் சாதாரணமாகியிருந்தது. "அந்தக் கல்லு எவ்வளவு பெருசு?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"கீழே விழுமா?"

"விழாது அக்கா. அது பாட்டுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து சுத்திக்கிட்டிருக்கு."

"விழாதுன்னா சரி."

"அவர் பேரை வைக்கலாமான்னு கேக்கத்தான்..."

"அந்தப் பேரை ஒரு கல்லுல வெட்டி வச்சாச்சு. இன்னொரு கல்லு வேணாம்." கொஞ்சம் யோசித்தார். "நான் கூப்பிட்ட பேரு வேற. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"தூங்காமணி. ராத்திரி பூரா முழிச்சிட்டு வருவாரு. பகல்லயாவது படுப்பாரான்னா, அதுவும் கிடையாது. குழாயைக் கழட்டி மாட்டுவாரு, கதவுக்கு எண்ணெய் விடுவாரு. தூங்காமணி, கொஞ்சம் படுடான்னு கத்துவேன். வெளியாளுங்க முன்னாடி மட்டும் 'என்னங்க'."

ஆய்வாளர் அந்தப் பெயரை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

இயக்குநருக்குத்தான் அது ஒட்டவில்லை. "இதென்னங்க, செல்லப் பேரு மாதிரி இருக்கு?" என்றார். "செல்லப் பேருதான்," என்றாள் அளவுக்காரி. விதிப்புத்தகத்தை எடுத்து இரண்டு பேரும் பார்த்தார்கள். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது. வேறு எந்தச் சிறுகோளின் பெயரோடும் குழம்பக்கூடாது, குழம்பவில்லை. செல்லப் பெயர் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பெயரோடு அனுப்ப வேண்டிய விளக்கக் குறிப்பை எழுத ஆய்வாளருக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலில் இரண்டு பக்கம் எழுதினார். அதில் தன்னைத் திட்டியே ஒன்றரைப் பக்கம். அளவுக்காரி சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் போனது இவ்வளவுதான்: "இந்தத் தட்டு எடுக்கப்பட்ட இரவில் பணியின்போது இறந்த குவிமாடப் பணியாளரை அவர் மனைவி அழைத்த பெயர். அன்று வானத்தைத் திறந்து வைத்தவர் அவர்." ஏழு மாதம் கழித்து ஒப்புதல் வந்தது.

அது வந்த வாரம் ஏணிக்காரரின் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு, குன்றின் மேலிருக்கும் வான்காட்சிக்கூடத்துக்கு வந்தார். கணவர் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த இடத்தை அவர் உள்ளே வந்து பார்த்ததே இல்லையாம். அளவுக்காரி தட்டைக் காட்டினாள். அவர் நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இந்த வளைஞ்சது இருக்கே, இதா?"

"அதேதான் அக்கா."

அப்புறம் குவிமாடத்துக்குப் போனார்கள். கூரை மூடியிருந்தது, பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு பட்டை வெயில் தரையில் விழுந்திருந்தது. ஏணி இருந்த இடத்தில் இப்போது கம்பி வேலி போட்ட, மின்சாரத்தில் ஏறி இறங்கும் மேடை. எந்த இடம் என்று அந்த அம்மாள் கேட்டார். அளவுக்காரி காட்டினாள். அவர் குனிந்து தரையைத் தொடவில்லை, அழவும் இல்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலே கூரையின் உச்சியையும் கீழே சிமெண்டுத் தரையையும் மாறிமாறிப் பார்த்தார். எவ்வளவு உயரம் என்று மனசுக்குள் அளப்பது போலிருந்தது.

"சரி, போகலாம்," என்றார்.

ஆய்வாளர் உள்ளே வரவில்லை. வாசல் கதவுக்கு வெளியே, நிழல் இல்லாத இடத்தில், கையில் குடையிருந்தும் விரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். இவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு ஓர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அந்த அம்மாள் அவரைத் தாண்டி நாலடி போய்விட்டார். அப்புறம் நின்றார்.

"போன் விஷயம் எனக்கு இன்னும் ஆறல சார்," என்றார் திரும்பாமலே. "ஆறுமான்னும் தெரியல."

"தெரியும்மா."

அந்த அம்மாள் கீழே சாலையைப் பார்த்தார். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? அந்தக் குடையை விரிங்க. முட்டிவலியோட இந்த இறக்கத்துல தனியா எறங்கிடுவீங்களா என்ன?"

அவர் குடையை விரித்தார். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளியே, ஆனால் அவருடைய நடைக்குத் தக்கபடி மெதுவாக இறங்க ஆரம்பித்தார். அளவுக்காரி அவர்கள் பஸ் ஏறும் வரைக்கும் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கத் தட்டறைக்குத் திரும்பினாள்.